பெக்கோவுக்குப் போன் போடுவதற்கு முன்

எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "பாஸ், ஏழு பேர்ச் காணி கிடைச்சிருக்கு. சனிக்கிழமை மண் வெட்ட பெக்கோ வருது. ஒருக்கா வந்து அளந்து தந்துட்டுப் போங்க." நான் முதலில் கேட்பது, "பெக்கோவுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சா?" என்பதுதான். இல்லை என்று சொன்னால் எனக்கு மூச்சு வரும்.

இருபத்தாறு வருடமாக ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கம் மேசன் பாஸாக வேலை செய்கிறேன். மாமாவுக்குக் கையாளாகப் போய்ச் சாந்து குழைத்துப் பழகியவன். கட்டட வேலை சுற்றாடலைக் கெடுக்கிறது என்று யாராவது பேசினால், எல்லோருக்கும் கொழும்பு மாடிக் கட்டடமும் அதிவேகப் பாதையும்தான் கண்ணுக்கு வரும். நம்ம மலையில் ஒரு சின்ன வீடு செய்கிற சேதத்தில் பெரும்பங்கு முதல் மூன்று நாளில், மண் வெட்டும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. சீமெந்து, மணல், கூரை எல்லாம் பிறகுதான். அதனால் நானும் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை, காணியை மழையில் போய்ப் பார்ப்பது. வெயிலில் எல்லாக் காணியும் நல்ல காணிதான். குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நில்லுங்கள். மேலேயிருந்து தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்தக் கானில் போய் விழுகிறது என்று பாருங்கள். அப்புறம் மரங்களைப் பாருங்கள். சவுக்கு மரம் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்து நின்றால், அந்த மண் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது. தரையில் பிறை மாதிரி வெடிப்பு, படிக்கட்டும் சுவரும் விலகி நிற்பது, இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று, இருந்த ஊற்று திடீரென்று கலங்குவது, இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அளவு நாடாவை மடித்துப் பைக்குள் வையுங்கள்.

அந்த மலையில் கொழுந்து எடுத்தவர்களிடமும் கேளுங்கள். ஒரு தடவை எட்டாம் நம்பர் மலை ஓரத்தில் நூல் பிடித்துக்கொண்டிருந்தேன். கொழுந்துக்கூடையோடு போன ஒரு பெரியம்மா நின்று பார்த்துவிட்டு, "தம்பி, அந்த மூலைல தை மாசத்துலயும் கால் பொதையும்" என்றார். தோண்டிப் பார்த்தால் மூன்றடியில் தண்ணீர். வீட்டைப் பதினைந்தடி தள்ளிப் போட்டோம். இப்போதும் அந்த மூலையில் சேம்புதான் வளர்கிறது.

இதெல்லாம் சரி, ஆனால் என் கண்ணையும் பெரியம்மா பேச்சையும் மட்டும் நம்பிக் கட்டக்கூடாது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி எல்லாம் அதில் அடங்கும். பிரதேச சபையில் கேட்டால் விண்ணப்ப விவரம் சொல்வார்கள். அலைச்சல்தான், மறுக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் தோட்ட வரிசை வீடுகளான லயங்களோடு ஆட்கள் புதைந்ததையும், 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலில் நம்ம மலைகள் வழிந்து இறங்கியதையும் பார்த்த பிறகு இந்த அலைச்சலைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்தது மாதம். நம்ம பக்கத்துக்குத் தென்மேல் பருவமழைதான் பெரிய மழை. வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டரைத் தாண்டிக் கொட்டுகிறது. அதனால் பொங்கல் முடிந்ததும் மண் வேலையைத் தொடங்கி, சித்திரை இடிமழைக்குள் அணைச்சுவரும் கானும் முடித்துவிட வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் கணக்கே வேறு. அங்கே வருடக் கடைசியிலும் தை வரையிலும் மழை. ஆனியிலிருந்து ஆவணி வரை வறட்சி. ஹட்டன் பாஸ் சொன்னான் என்று பதுளையில் தை பிறந்ததும் மலையை வெட்டிவிடாதீர்கள்.

இப்போது மண் வெட்டும் கணக்கு. இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு முப்பதடி நீளம், இருபதடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். காணி, மூன்றடி உள்ளே போனால் ஓரடி ஏறுகிற சரிவு. நம்ம ஊருக்கு இது சாதாரணம். பெக்கோக்காரரிடம் "மட்டமாக்கிக் கொடுங்க" என்று சொன்னால், பின்பக்கம் ஆறடி எட்டு அங்குலச் செங்குத்து வெட்டு நிற்கும். வெட்டிய மண் 2,000 கன அடி, அதாவது 20 கியூப். மண் வெட்டியதும் பொங்கும். கால்பங்கு கூடி 25 கியூப் ஆகிவிடும். டிப்பர் ஒன்றில் இரண்டரைக் கியூப் போட்டாலும் பத்து லோட். அந்தப் பத்து லோட் எங்கே போகும்? பெரும்பாலும் எங்கேயும் போகாது. பெக்கோ அப்படியே பள்ளத்துப் பக்கம் தள்ளிவிடும்.

அதே வீட்டை இரண்டு தட்டாகப் போடுங்கள். முன்பக்கம் பத்தடி ஒரு தட்டு, பின்பக்கம் பத்தடி மூன்றடி நாலங்குலம் உயரத்தில் இன்னொரு தட்டு. வெட்டும் மண் 10 கியூப். சரி பாதி. பின்வெட்டின் உயரமும் பாதியாகிவிடும். மலையோடு பாதிச் சண்டை குறைந்தது. வீட்டுக்குள் ஆறு படி வரும், அவ்வளவுதான்.

"அப்பாயிக்கு முழங்கால் வலி, படி ஏற மாட்டாங்க" என்பார்கள். நியாயம்தான். அப்பாயியின் அறை, குசினி, கக்கூஸ் மூன்றையும் ஒரே தட்டில் வையுங்கள். பிள்ளைகள் படுக்கிற இடம் மேல் தட்டில் இருக்கட்டும், அதுகள் எப்படியும் ஓடித் திரிகிறதுகள்.

ஒன்று மட்டும்: வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி மட்டம் பார்த்து, அதன் மேல் அத்திவாரம் போடாதீர்கள். கொட்டிய மண் இரண்டு மழைக்கு இறங்கும். அத்திவாரம் எப்போதும் வெட்டாத பழைய மண்ணில்தான் உட்கார வேண்டும்.

மண்ணைப் பள்ளத்தில் தள்ளினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதற்குத் துணை நின்றிருக்கிறேன். ஒரு கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்த காலம். பத்துப் பதினைந்து லோட் மண்ணைத் தேயிலைக்கு நடுவில் போகும் ஓடைச் சரிவில் தள்ளினார்கள். நான் பார்த்துக்கொண்டு, எனக்கென்ன, என் வேலை சுவர் கட்டுவது என்று இருந்தேன். வைகாசியில் மழை பிடித்தது. கீழே இருபத்து நாலு காம்பரா லயத்துக்கு ஒரே ஒரு பீலி. அதில் வந்த தண்ணீர் பிளேன்டீ மாதிரி கூட இல்லை, பால் டீ மாதிரி. குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் இரண்டு விரல் கட்டைக்குச் சேறு. ஒரு காலை அந்த லயத்து அக்கா ஒருவர் போத்தலில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து என் சீமெந்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். திட்டவில்லை. "நீங்க கட்டுற வீட்டத்தான் பாஸ் நாங்க குடிக்கிறோம்" என்றார். நானும் கையாள் பையன்கள் இரண்டு பேரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் பீலித் தொட்டியின் சேற்றை வாரினோம். மூன்றாவது ஞாயிறு மறுபடி மழை.

அந்தச் சேறு பீலியோடு நிற்பதும் இல்லை. நம்ம ஓடைகள் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகின்றன. அங்கே மண் அடியில் தங்கித் தண்ணீர் நிற்கிற இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் எடுக்கிற தண்ணீர் அது. பிறகு அதே தண்ணீர்தான் களனி கங்கையாகி அம்பத்தலையில் கொழும்புக்காரரின் குடிநீராகிறது.

சரி, வெட்டின மண்ணை என்னதான் செய்வது? முதல் ஆறு அங்குலக் கறுப்பு மண்ணைத் தனியாக மண்வெட்டியால் எடுத்துக் குவித்து, பழைய தறப்பாளால் மூடி வையுங்கள். வீடு முடிந்ததும் மரக்கறிப் பாத்திக்கு அதைவிட நல்ல மண் காசுக்கும் கிடைக்காது. அடி மண்ணைச் சரிவில் கொட்டாமல், ஓடைக்குத் தூரமாக, மட்டமான இடத்தில், காணிக்காரரின் அனுமதியோடு, ஆறு ஆறு அங்குலமாகப் பரப்பி இடித்து இறுக்க வேண்டும். ஓரத்தில் மானாப்புல்லைப் பிடுங்கி நட்டால் மழைக்குக் கரையாது. பெக்கோ வேலை நடக்கும்போது கீழ்ப்பக்கம் ஒரு நீளக் குழி வெட்டி, மண் நிரப்பிய சாக்குகளை வரிசையாக அடுக்குங்கள். ஓடுகிற சேறு அங்கே படிந்து, தெளிந்த தண்ணீர் மட்டும் வெளியேறும். குழி நிறைந்ததும் வார வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு மேலே, வெட்டுக்கு நாலைந்தடி தள்ளி, குறுக்காக ஒரு கான் போடுங்கள். மேலிருந்து வரும் தண்ணீர் வெட்டின் முகத்தில் இறங்கக்கூடாது. கானைக் கருங்கல் பதித்துக் கட்டி, முடிவில் படிப்படியாக இறக்கி ஓடையில் விடுங்கள். நேரே விட்டால் அது போகிற இடத்தில் இன்னொரு பள்ளத்தைத் தோண்டும். கூரைத் தண்ணீரையும் கணக்கில் எடுங்கள். 600 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஐயாயிரத்து ஐந்நூறு லீட்டர் தண்ணீர். ஆயிரம் லீட்டர்த் தாங்கியில் ஐந்தரை. அது முழுக்க அணைச்சுவருக்குப் பின்னால் ஊறினால் சுவர் என்ன செய்யும்? பீலி போட்டு ஒரு தாங்கியாவது நிரப்புங்கள், மிச்சத்தைக் கானுக்கு விடுங்கள். கக்கூஸ் குழியையும் வீட்டுக்கு மேலே வைக்காதீர்கள். ஊற்றிலிருந்து ஐம்பதடி தள்ளியும் இருக்க வேண்டும்.

அணைச்சுவர் என்றதும் எல்லோரும் பிளொக் கல்லை அடுக்கிச் சீமெந்து பூசி வெள்ளையடித்துவிடுகிறார்கள். பார்க்க அழகு. பின்னால் தண்ணீர் தேங்கி, இரண்டாம் மழையில் வயிறு தள்ளி, மூன்றாம் மழையில் சாயும். தேயிலை மலைகளில் நம்ம பாட்டன்மார் சீமெந்தே இல்லாமல் அடுக்கிய கல் அணைகள் இன்னும் நிற்கின்றன, போய்ப் பாருங்கள். தண்ணீருக்கு வழி விட்டிருக்கிறார்கள், அதனால்தான். மூன்று மூன்றரையடி வெட்டுக்கு அந்த மாதிரி அடுக்குக் கல்லே போதும். மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்தது: பெரிய கல் அடியில், ஒவ்வொரு கல்லின் நீளப் பக்கமும் மலைக்குள் போக வேண்டும், சுவர் மலைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு கல்லின் இடுக்குக்கு மேலே இன்னொரு இடுக்கு வரக்கூடாது. பின்னால் ஒரு அடி அகலத்துக்குச் சல்லி. சாந்து வைத்துத்தான் கட்ட வேண்டுமென்றால் ஐந்தடிக்கு ஒரு இரண்டு அங்குலக் குழாயை வெளிப்பக்கம் சரித்து வையுங்கள், குழாய்க்குப் பின்னால் சல்லி போடாமல் விட்டால் ஒரு வருடத்தில் அடைத்துவிடும். வெட்டு ஆறடிக்கு மேலே என்றால் என்னைக் கேட்காதீர்கள், இன்ஜினியரைக் கேளுங்கள்.

கல்லுக்குக் குவாரிக்கு ஓட வேண்டாம். மண் வெட்டும்போதே பாதிக் கல் கிடைக்கும். இடித்த லயம் பக்கத்தில் இருந்தால் கருங்கல், கதவு நிலை, மரச்சட்டம் எல்லாம் கேட்டு வாங்கலாம். ஒன்றை மட்டும் தொடும்போது கவனம்: பழைய அஸ்பெஸ்டஸ் சீட். உடைக்காதீர்கள், கிரைண்டரால் வெட்டாதீர்கள். தண்ணீர் அடித்து நனைத்து, முழுசாகக் கழற்றி இறக்குங்கள். அதன் தூசு நுரையீரலில் தங்கினால் புற்றுநோய் வரைக்கும் போகும். உடைந்த சீட்டை நடைபாதையில் போட்டு நிரவுகிற பழக்கம் நம்ம ஊரில் இருக்கிறது. பிள்ளைகள் நடக்க நடக்க அது தூசாகிறது.

இப்போது சீமெந்து. சுண்ணாம்புக் கல்லை ஏறக்குறைய 1,450 பாகை வெப்பத்தில் சுட்டுத்தான் அதைச் செய்கிறார்கள். அடுப்பு எரிக்கிற புகை ஒரு பக்கம், அந்தக் கல்லே சுடும்போது காபனீரொட்சைட்டை விடுவது இன்னொரு பக்கம். உலகத்தில் மனிதர் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏழெட்டு சதவீதம் சீமெந்திலிருந்து வருகிறது. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு முப்பதிலிருந்து நாற்பத்தைந்து கிலோ வரை வரும். சீமெந்தே வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை, அது என் சோறு. ஆனால் வீணாகப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

எங்கே வீணாகிறது? பூச்சில். தூக்குக்குண்டு பிடிக்காமல் கோணலாகச் சுவர் எழுப்பிவிட்டு, அரை அங்குலம் பூச வேண்டிய இடத்தில் ஒரு அங்குலம் பூசிச் சரிக்கட்டுவது. ஆயிரம் சதுர அடிச் சுவருக்கு அந்த அரை அங்குலம் ஏழு மூட்டை சீமெந்தும் கிட்டத்தட்ட அரைக் கியூப் மணலும் தின்னும். பாஸைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பூசிய சுவரைப் பார்க்காதீர்கள், பூசாத சுவரைப் போய்ப் பாருங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று மூடுபனி. மூட்டையைத் தரையில் அடுக்கி வைத்தால் மூன்று வாரத்தில் கட்டி பிடித்துவிடும். பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, தறப்பாள் சுற்றி வையுங்கள். ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் இறக்குங்கள். நுரைச்சோலை அனல் மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல் கலந்த சீமெந்து கடையில் உண்டு. சுவருக்கும் பூச்சுக்கும் அது தாராளமாகப் போதும், சுட்ட கல் அதில் குறைவு. ஆனால் நம்ம குளிரில் மெதுவாகத்தான் இறுகும். கொங்கிரீட் தட்டுக்கு அதைப் போட்டால் கீழே தாங்குகிற முட்டுக்கம்புகளைப் பதினாலு நாளில் எடுக்க அவசரப்படாதீர்கள், இருபத்தொரு நாளாவது விடுங்கள். ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரம் நனைப்பதும் கட்டாயம்.

மணல் மன்னம்பிட்டிப் பக்கத்திலிருந்து மகாவலி மணலாக இவ்வளவு மலை ஏறி வருகிறது. ஆற்றின் அடி இறங்க இறங்கக் கரை சரிகிறது, பக்கத்துக் கிணறு வற்றுகிறது. வாங்கத்தான் வேண்டுமென்றால் லொறிக்காரரிடம் அனுமதிச் சீட்டைக் கேளுங்கள். முகம் சுளிப்பார், கேளுங்கள். அத்திவாரத்துக்கும் கொங்கிரீட்டுக்கும் கழுவிய குவாரி மணல் நன்றாகவே வேலை செய்கிறது. பூச்சுக்கு மட்டும் சலித்த ஆற்று மணல் வைத்துக்கொள்ளலாம்.

மண் கல் வேண்டுமென்று சிலர் கேட்கிறார்கள், நம்ம மண்ணையே கொஞ்சம் சீமெந்து சேர்த்து அழுத்திச் செய்கிற கல். செய்யலாம். முதலில் ஜேம் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு அடி மண்ணும் மீதி தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் உட்கார்வது மணல். அதற்கு மேலே வண்டல். மறுநாளும் கலங்கலாக நின்று மெதுவாக இறங்குவது களி. மணல் பாதிக்கு மேலே இருந்தால் கல் நிற்கும். நம்ம சிவப்பு மண்ணில் பெரும்பாலும் களி கூடுதல். அப்படியே அழுத்தினால் காய்ந்ததும் வெடிக்கும், குவாரித் தூள் கலக்க வேண்டும்.

மாலையில் கரண்டியையும் தட்டையும் ஓடையில் கழுவாதீர்கள். சீமெந்துத் தண்ணீர் காரம், குஞ்சு மீன் செத்து மிதக்கும். ஒரு குழி வெட்டி அதில் கழுவுங்கள்.

வீடு முடிந்ததும் வெட்டின் மேல்விளிம்பில் வெட்டிவேர் நடுங்கள். சிங்களத்தில் சவந்தரா என்று கேட்டால் கிடைக்கும். இலையை எட்டு அங்குலத்துக்கு நறுக்கி, இரண்டு மூன்று தூராக, ஐந்து அங்குலத்துக்கு ஒன்று, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில். மழை தொடங்கும்போது நட்டால் பிடித்துக்கொள்ளும். வேர் பத்தடி வரை நேரே இறங்கும். நுவரெலியாக் குளிரில் மட்டும் கொஞ்சம் சுணங்கும். வாழையை அந்த விளிம்பில் வைக்காதீர்கள், பாரம் அதிகம், வேர் மேலாகவே நிற்கும்.

கடைசியாக ஒரு பால்மா டின். வாயும் அடியும் ஒரே அகலமான டின்னைக் கூரைக்கும் மரத்துக்கும் தள்ளி, ஒரு கம்பத்தில் கட்டுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் பள்ளிக்கூட அடிமட்டத்தை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். 24 மணி நேரத்தில் 75ஐத் தொட்டு மழையும் விடாவிட்டால் கானையும் வெடிப்பையும் போய்ப் பாருங்கள். 100 என்றால் பையைக் கட்டித் தயாராக இருங்கள். 150 என்றாலோ, ஒரு மணி நேரத்தில் 75 விழுந்தாலோ வீட்டைவிட்டு இறங்குங்கள். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை அளவுகளே இவை. அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. அளந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு டின்னைத் திரும்பக் கட்ட மறக்காதீர்கள். நான் ஒரு தடவை மறந்து, இரண்டு நாள் மழையைச் சேர்த்து அளந்து, விடியற்காலை நாலு மணிக்கு லயம் முழுவதையும் எழுப்பிக் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டேன். அப்பாயி ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.